அடையாளம் கண்டும் விரட்ட முடியாத கிருமி: உண்ணிக் காய்ச்சலில் பிழைத்த பசு குறித்து ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

சிங்கப்பூரின் துவாஸில் வேலை செய்யும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய பெற்றோர் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் இரண்டு கலப்பினக் கறவைப் பசுக்களை வளர்த்து வந்தார்கள். இரண்டும் அவர் இங்கிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கியவை. ஐப்பசியில் மழை பிடித்த வாரம் மூத்த பசு தீவனம் எடுக்காமல் நின்றது. சாணம் இறுகி, சிறுநீர் அடர் மஞ்சளாகி, மூன்றாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. குட்டி யானை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டது. பத்து நாள் கழித்து இளைய பசுவுக்கும் காய்ச்சல் கண்டது. இம்முறை கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்து, காது நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துப் பரிசோதித்து, உண்ணி பரப்பும் அனாப்ளாஸ்மா என்ற பாக்டீரியா என்று சொல்லி ஊசி போட்டார். அது பிழைத்துக்கொண்டது, இப்போது ஏழு மாதச் சினை. அண்மையில் மறுபடி இரத்தம் கொடுத்துப் பார்த்ததில், அந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் செய்துகொள்ளும் புரதம்) இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது.

மாட்டின் நோயெதிர்ப்பு அணுக்கள் இந்தக் கிருமியின் சில புரதங்களை அடையாளம் கண்டுகொள்கின்றன என்று வாசகர் எங்கோ படித்திருக்கிறார். அப்படியானால் தம் பசு முற்றிலும் குணமடைந்துவிட்டது, இனி ஆயுளுக்கும் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது அவருடைய முதன்மையான கேள்வி. ஒரே புரதத்தில் செய்த தடுப்பூசி ஒன்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பலாமா, பிழைத்த பசுவின் இரத்தத்தைப் பிறக்கப்போகும் கன்றுக்கு ஏற்றச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை சரியா, இங்கே முதலாளியின் நாயைக் குணப்படுத்திய மாத்திரையை ஊருக்கு அனுப்பலாமா, சென்ற மார்கழியில் அம்மாவுக்கு வந்த உண்ணிக் காய்ச்சல் மாட்டிடமிருந்து வந்ததா, அப்பா சொல்வதுபோல் பசுவை விற்றுவிடலாமா என்றும் கேட்கிறார். கடைசி வரியில் ஒரு கேள்வி தனியாக நிற்கிறது: “முன்னமே கவனித்திருந்தால் மூத்தது பிழைத்திருக்குமா?”

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவற்றையெல்லாம் அந்த வருத்தத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அனாப்ளாஸ்மா உடலில் நுழைந்து அறிகுறி காட்டுவதற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்கள் ஆகும். அந்த நாள்களில் மாடு வழக்கம்போலத் தின்று, வழக்கம்போலப் பால் கறக்கும். தீவனம் மறுக்கும் நாளில் இரத்தத்தின் சிவப்பணுக்களில் பெரும் பங்கு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும். இரண்டு வயதைத் தாண்டிய மாடுகளில் இந்த நோய் கடுமையாகவே வரும். சிகிச்சை இல்லாவிட்டால் மூன்றில் ஒன்று இறப்பதுகூட உண்டு. மூத்த பசு மூச்சு வாங்கிய மூன்றாம் நாளில் உங்கள் பெற்றோர் செய்தது, கையில் இருந்த வழிகளில் அவர்களுக்குத் தெரிந்த நல்ல வழிதான். ஒன்றை மட்டும் இனிமேலுக்காகச் சொல்கிறேன்: இரத்தம் இவ்வளவு குறைந்த மாட்டை வண்டியில் ஏற்றுவதும், நடத்திக்கொண்டு போவதும், கட்டிப் பிடித்து மல்லுக்கட்டுவதும் அதன் இதயத்தால் தாங்க முடியாத சுமை. மாட்டை நிழலில் விட்டுவிட்டு மருத்துவரை அதனிடம் வரவழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். அந்த எண்ணை மாட்டுக் கொட்டகைச் சுவரிலேயே கரியால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது

உங்கள் ஊர் மருத்துவர் பார்த்ததை நானும் மாணவப் பருவத்தில் பார்த்திருக்கிறேன். இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பூசி, ஜீம்சா சாயமேற்றி, எண்ணெய் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், வெளிறிய இளஞ்சிவப்பு வட்டங்களாகச் சிவப்பணுக்கள் பரவிக் கிடக்கும். சிலவற்றின் ஓரத்தில் மட்டும், கரும்பலகையில் யாரோ ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனதைப் போல, அடர் நீலப் புள்ளி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சாயத்தின் கசடு என்று நினைத்து முதல் நாள் நான் அதைக் கடந்து போய்விட்டேன். தென்னாப்பிரிக்காவில் 1910-ஆம் ஆண்டு ஆர்னால்ட் தைலர் அதை நோய்க் கிருமி என்று விவரித்தார். ஓரத்தில் இருப்பதால்தான் அதற்கு மார்ஜினாலே என்று பெயர். ஒரு புள்ளிக்குள் நான்கு முதல் எட்டு பாக்டீரியாக்கள் அடைந்திருக்கும்.

அது சிவப்பணுவுக்குள் குடியிருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உடலின் மற்ற அணுக்களில் கிருமி புகுந்தால், அவை அந்தக் கிருமியின் புரதத் துண்டுகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அதைப் பார்த்துக் கொல்லும் டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து அவற்றை அழிக்கும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, அப்படிக் காட்டுவதற்கான அமைப்பும் இல்லை. ஆகவே வேலை மண்ணீரலில் நடக்கிறது. அங்குள்ள விழுங்கு அணுக்கள் பாதிக்கப்பட்ட சிவப்பணுவை முழுதாக விழுங்கி, கிருமியின் புரதங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றைத் தம் மேற்பரப்பில் வைத்து சிடி4 வகை டி அணுக்களுக்குக் காட்டுகின்றன. துண்டை அடையாளம் கண்ட டி அணு, இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரந்து விழுங்கு அணுவுக்கு வேகம் ஊட்டுகிறது. எதிர்ப்பொருள் செய்யும் பி அணுக்களைத் தூண்டி, கிருமியை விழுங்கத் தோதாக்கும் ஐஜிஜி2 எதிர்ப்பொருளையும் உண்டாக்க வைக்கிறது. மாடு வெளிறிப்போவதும் மஞ்சளாவதும் இந்த விழுங்கலின் விளைவே. சிவப்பணுக்கள் இரத்தக் குழாய்க்குள் உடைவதில்லை. அதனால்தான் உங்கள் மூத்த பசுவின் சிறுநீர் காப்பி நிறத்தில் போகாமல் மஞ்சளாகப் போனது. பபீசியா என்ற மற்றோர் உண்ணி நோயில்தான் சிறுநீர் சிவந்து போகும்.

அடையாளம் கண்டால் போதாதா?

நீங்கள் படித்தது சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் சரியில்லை. மாடு கிருமியை அடையாளம் காண்கிறது. ஆனால் அடையாளம் காண்பது ஒன்று, உடலை விட்டு அகற்றுவது வேறொன்று.

இந்தக் கிருமியின் மேலுறையில் எம்எஸ்பி2 என்றொரு புரதம் மிகுதியாக இருக்கிறது. மாட்டின் நோயெதிர்ப்பு பெரும்பாலும் அதன்மீதே குவிகிறது. அந்தப் புரதத்தை ஒரு சட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டியும் கீழ் மடிப்பும் என்றும் மாறாது. நெஞ்சுத் துணி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கிருமியின் மரபுத்தொகுதியில், தனியாக இயங்காத துண்டு மரபணுக்கள் சில, பெட்டியில் மடித்து வைத்த பழந்துணிகளைப் போல இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு துண்டையோ, இரண்டு மூன்றை ஒட்டுப்போட்டோ நெஞ்சுப் பகுதியில் தைத்துக்கொண்டு புது வடிவில் வெளிவருகிறது. மாட்டின் அணுக்கள் பழைய நெஞ்சுத் துணியை அடையாளம் கண்டு அந்தக் கூட்டத்தை அழித்து முடிக்கும் நேரத்தில், வேறு துணி தைத்த கூட்டம் பெருகத் தொடங்கியிருக்கும். நோயைத் தாங்கிய மாட்டின் இரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம். ஏற்றத்திலும் அது மிகக் குறைவாகவே இருப்பதால் மாடு நோயாளியாகத் தெரியாது. தகட்டிலும் புள்ளி அகப்படாது.

‘மாறாத கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொள்ளலாமே’ என்று நீங்கள் கேட்பீர்கள். ஆராய்ச்சியாளர்களும் அதையே கேட்டார்கள். மாறாத பகுதிகளை அடையாளம் காணும் டி அணுக்கள் மாடுகளில் உண்டு என்பதையும் கண்டார்கள். ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. மேலுறைப் புரதத்தைத் தடுப்பூசியாகக் கொடுத்து நன்றாகப் பழக்கிய டி அணுக்கள், உண்மையான தொற்று ஏற்பட்டு இரத்தத்தில் கிருமி பெருகியதும், இரத்தத்திலிருந்து விரைவாக மறைந்துபோயின. வாரக்கணக்கில் தேடியும் அகப்படவில்லை. எங்கு திரும்பினாலும் அதே புரதம் மிதமிஞ்சிக் கிடக்கும்போது, அதை அறிந்த அணுக்களே சோர்ந்து அழிகின்றன என்று கருத இடமிருக்கிறது. இதைப் படித்தபோது, பிழைத்த மாடுகளைக் குறித்து நான் அதுவரை நினைத்திருந்த பலவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி உங்கள் அறிக்கைக்கு வருவோம். இத்தகைய எதிர்ப்பொருள் சோதனைகளில் பரவலாகப் பயன்படுவது எம்எஸ்பி5 என்ற புரதத்தை அடிப்படையாகக் கொண்டது. அது கிருமியின் வகைகளுக்கிடையே மாறுவதில்லை. ஆகவே எந்த வகை தொற்றியிருந்தாலும் மாடு அதை அடையாளம் கண்டிருக்கும். ‘எதிர்ப்பொருள் இருக்கிறது’ என்ற வரியைக் கிருமி போய்விட்டது என்பதற்கான சான்றாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். உண்மையில், கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது என்று கொள்ளவே அது பெரும்பாலும் காரணமாகிறது. பிழைத்த மாடுகள் பெரும்பாலும் ஆயுள் முழுதும் கிருமியைச் சுமப்பவை. அதே நேரத்தில், இப்படிச் சுமக்கும் மாடு அதே நோயில் மறுபடி கடுமையாக விழுவது அரிது. உங்கள் பசு பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. அதன் இரத்தம்தான் மற்ற மாடுகளுக்குப் பாதுகாப்பானதாக இல்லை.

விளம்பரமும் இரத்தம் ஏற்றும் யோசனையும்

ஒரே புரதத்தில் செய்த தடுப்பூசி, ஆயுள் பாதுகாப்பு என்று வந்த விளம்பரத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். டி அணுக்களுக்குப் புரதத் துண்டை ஏந்திக் காட்டும் மூலக்கூறுகள் மாட்டுக்கு மாடு வேறுபடும். பல்லாங்குழியின் குழிகள் ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வோர் அளவில் இருந்தால், ஒன்றில் பொருந்தும் முத்து மற்றொன்றில் பொருந்தாது அல்லவா, அப்படி. உங்கள் பசுவின் அணுக்கள் நன்றாக அடையாளம் காணும் துண்டை, அதே கொட்டகையில் நிற்கும் வேறொரு மாட்டின் அணுக்கள் பொருட்படுத்தாமலே இருக்கலாம். ஆகவே ஒரு புரதம், ஒரு துண்டு என்று நம்பிப் பெரிய மந்தையைக் காப்பது கடினம்.

கிருமியின் மேலுறையை முழுதாகப் பிரித்தெடுத்துச் செலுத்திய ஆய்வுகளில் மாடுகளுக்கு நல்ல பாதுகாப்புக் கிடைத்தது. சில மாடுகளுக்குத் தொற்றே ஏற்படவில்லை. அதே மேலுறையிலிருந்து தனித்தனிப் புரதங்களை எடுத்துக் கொடுத்தபோது அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்கவில்லை. 2005-ஆம் ஆண்டு இந்தக் கிருமியின் மரபுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. அதன் பிறகு, எம்எஸ்பி2 போல மிகுந்திராத, அவ்வளவாக மாறாத பல புரதங்கள் தெரியவந்தன. பொருள்களை வெளியே செலுத்தப் பாக்டீரியா வைத்திருக்கும் குழாய் போன்ற அமைப்பின் உறுப்புகளான விர்பி9, விர்பி10 என்பவை அவற்றில் குறிப்பிடத்தக்கவை. பாதுகாப்புப் பெற்ற மாடுகளின் டி அணுக்களும் ஐஜிஜி2 எதிர்ப்பொருளும் இவற்றை அடையாளம் காண்கின்றன. இவை மேலுறையில் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதால், ஒன்றை அடையாளம் காணும் டி அணு, பக்கத்தில் உள்ள மற்றொன்றுக்கு எதிர்ப்பொருள் செய்யும் பி அணுவுக்கும் துணைபோக முடிகிறது. இந்த வழியில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அது ஆய்வுக்கூடத்தின் நம்பிக்கை. உங்கள் ஊர்க் கடையில் வாங்கக்கூடிய மருந்தாக அது இன்னும் ஆகவில்லை. தைலர் பிரித்தறிந்த, வீரியம் குறைந்த உறவுக் கிருமியான அனாப்ளாஸ்மா சென்ட்ராலே இன்றும் தென்னாப்பிரிக்கா, இஸ்ரேல், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உயிருள்ள தடுப்பு மருந்தாகப் பயன்படுகிறது. நூறாண்டு கடந்த அந்த மருந்துக்கு ஈடாக எதுவும் இன்னும் பரவலாக வரவில்லை என்பதே, அந்த விளம்பரத்தை நம்ப வேண்டாம் என்று நான் சொல்லப் போதுமானது.

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை எங்கிருந்தோ முளைத்ததல்ல. ஒருகாலத்தில் சில நாடுகளில், கிருமியைச் சுமக்கும் மாட்டின் இரத்தத்தை இளங்கன்றுகளுக்கு வேண்டுமென்றே செலுத்திப் பழக்கினார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இந்த நோய் லேசாகவே வரும் என்பதால் அப்படிச் செய்தார்கள். ஆனால் அந்த இரத்தத்தில் அனாப்ளாஸ்மா மட்டும்தான் இருக்கிறது என்பதற்கு உங்களிடம் எந்த உறுதியும் இல்லை. தைலீரியா என்ற மற்றோர் உண்ணி நோய்க் கிருமியும் பபீசியாவும் அதே குப்பியில் சேர்ந்தே போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கன்றுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி சீம்பால். மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள் கன்றுக்குப் போகாது. சில வேளை கிருமி மட்டும் போய்விடும். எதிர்ப்பொருள் சீம்பாலில்தான் கிடைக்கிறது, அதையும் கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். ஒரு நாள் கடந்தால் அந்த வாய்ப்பு மூடிவிடும். உறவினர் வீடுகளுக்குச் சீம்பால் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அது திருவிழாதான். கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சுவதைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

மாத்திரையும் அம்மாவின் காய்ச்சலும்

முதலாளியின் நாய்க்கு வந்ததும் உண்ணிக் காய்ச்சல்தான், ஆனால் வேறு உண்ணி, வேறு கிருமி. சிங்கப்பூரில் என் மேசைக்கு அடிக்கடி வரும் நோய் அது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை அதற்குப் பயன்படுகிறது. அசைபோடும் மாட்டுக்கு அதை வாய்வழியாகக் கொடுத்தால், தீவனத்தைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீங்கு செய்யும். எடைக்கு ஏற்ற அளவு இரத்தத்தில் சேரும் என்றும் நம்ப முடியாது. மாட்டுக்குப் பொதுவாகப் பயன்படுவது, அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி. சினைப் பசுவுக்கு அது தேவையா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் தொட்டுப் பார்க்காத விலங்குக்கு இங்கிருந்து மருந்து எழுதித் தருவது முறையாகாது. நோய் திரும்பவும் கண்டு ஊசி போட நேர்ந்தால், மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை வீட்டிலும் குடிக்கக் கூடாது, சங்கத்திலும் ஊற்றக் கூடாது.

அம்மாவைப் பற்றி நிம்மதியாக இருங்கள். மாட்டின் அனாப்ளாஸ்மா மார்ஜினாலே மனிதரைத் தொற்றாது. தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் மனிதருக்கு வருவதாகச் செய்தித்தாள்கள் எழுதும் ‘உண்ணிக் காய்ச்சல்’ பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு கடித்து அது வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு இருக்கலாம். இரண்டு நோய்களுக்கும் தமிழில் ஒரே பெயர் அமைந்துவிட்டதால் வந்த குழப்பம் இது. புல் அறுக்கப் போகும்போது அம்மா முழுக்கை சட்டை அணிவது நல்லது. மாட்டிடமிருந்து விலகி இருக்கத் தேவையில்லை.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

என்னைக் கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். உண்ணி நிறைந்த ஊரில், இந்த நோயைத் தாண்டிவந்த சினைப் பசு, நோயை அறியாத புதுப் பசுவைவிட உங்கள் பெற்றோருக்குப் பாதுகாப்பான முதலீடு. விற்ற பணத்தில் உண்ணியில்லாத இடத்திலிருந்து வளர்ந்த மாட்டை வாங்கி வந்தால், மூத்த பசுவுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரலாம். நாட்டு மாடு வாங்கினால் இந்தத் தொல்லையே வராது என்று அப்பா நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உம்பளச்சேரி போன்ற நாட்டு மாடுகளில் உண்ணி குறைவாகவே ஏறும் என்பது மெய்; அனாப்ளாஸ்மா அவற்றுக்கு வராது என்பது மெய்யல்ல. என்ன ஆனாலும் விற்பதுதான் முடிவு என்றால், வாங்குபவரிடம் நோயையும் அறிக்கையையும் சொல்லிவிட்டு விற்கச் சொல்லுங்கள். அவருடைய கொட்டகையிலும் மாடுகள் நிற்கும்.

வைத்துக்கொண்டால் கவனிக்க வேண்டியவற்றில் பலரும் மறப்பது ஊசி. மழைக்கு முன் ஊரில் ஒருவர் இரண்டு பசுக்களுக்கும் ஒரே ஊசியால் சத்து மருந்து போட்டதாக உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். நோய் அதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கிருமிக்கு உண்ணி மட்டும் வழியல்ல. ஊசி முனையிலும், காது வில்லை பொருத்தும் கருவியிலும், கொம்பு நீக்கும் கத்தியிலும், கடிக்கும் ஈயின் வாயிலும் ஒட்டியிருக்கும் ஈர இரத்தமே போதும். ஒரு மாட்டுக்கு ஓர் ஊசி என்பதில் அப்பா யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். உண்ணியைப் பொறுத்தவரை, மாட்டின் மேல் தெரிவது சிறு பங்குதான். வயிறு புடைக்கக் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, கொட்டகைச் சுவரின் வெடிப்பில் 2,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். வெடிப்புகளைப் பூசி அடைப்பதும், கழிவுத் தீவனத்தை மூலையில் குவிக்காமல் இருப்பதும் மருந்து தெளிப்பதற்குச் சமமான வேலை. தெளிக்கும் மருந்தைக் கடைக்காரர் சொல்படி வாங்காமல், பக்கத்திலேயே இருக்கும் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டு வாங்குங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் உண்ணிகள் அதற்குப் பழகிவிடுகின்றன.

தினமும் இரவு காணொளி அழைப்பில் பசுவைப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த அழைப்பை வாரத்தில் இரண்டு நாளாவது காலை வெளிச்சத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கொட்டகையின் மஞ்சள் விளக்கில் எல்லா மாடும் மஞ்சளாகத்தான் தெரியும். அப்பா கட்டைவிரலால் பசுவின் கீழ் இமையை மெல்லக் கீழிறக்கி, உட்புறத்தைக் காட்டட்டும். நல்ல ரோஜா நிறம் இருந்தால் கவலையில்லை. காகிதம்போல வெளுத்தோ, மஞ்சள் பூத்தோ இருந்தால், அன்றைக்கே, அதே அழைப்பைத் துண்டித்த கையோடு, 1962-க்குப் பேசச் சொல்லுங்கள். கன்று பிறந்த பிறகு அதன் இமையையும் சேர்த்துப் பாருங்கள்.